கந்தஹாரின் பெயரைச் சுமக்கும் பனிக் கிராமம்

கொஞ்சம் நீண்ட பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

கந்தஹார் என்ற பெயரைக் கேட்டதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? செய்திகளில் பார்த்த யுத்தம், புழுதி, தலைப்பாகை கட்டிய மனிதர்கள், மாதுளம்பழம். கொஞ்சம் வாசித்தவர்களுக்கு, ரசூலுல்லாஹ்வின் போர்வை என்று ஆப்கான் மக்கள் கண்ணியப்படுத்திப் பாதுகாக்கும் ஆடை அந்த நகரத்தில்தான் இருக்கிறது என்பதும் ஞாபகம் வரும். ஆனால் ஐரோப்பாவில் பனிச்சறுக்கு விளையாடும் ஒருவரிடம் அதே பெயரைச் சொல்லிப் பாருங்கள். அவருக்கு மலைச்சரிவும் வெண்பனியும்தான் ஞாபகம் வரும். ஜேர்மனியில் கார்மிஷ் என்ற ஊரில் உலகக் கிண்ணப் பந்தயம் நடக்கும் சரிவின் பெயர் கந்தஹார். சப்பாத்தைச் சறுக்குப் பலகையோடு பிணைக்க ஒரு காலத்தில் உலகமெங்கும் பாவித்த கம்பிப் பூட்டின் பெயரும் கந்தஹார்.

ஆப்கானிஸ்தானின் ஒரு நகரத்துப் பெயர் எப்படி ஐரோப்பியப் பனிமலைக்கு ஏறிப்போனது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் சுவிட்சர்லாந்தின் ஒரு சின்னஞ்சிறு மலைக் கிராமத்தில் போய் நிற்போம். அதன் பெயர் மியூரன். அங்கிருந்து திரும்பிப் பார்த்தால் மெட்ராஸ் தெரியும், தென்னாபிரிக்கா தெரியும், நம்முடைய தியத்தலாவையும் தெரியும். சின்ன ஊரின் வரலாறு சின்னதாகத்தான் இருக்கும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது அப்படியல்ல.

முதலில் ஊரைப் பார்ப்போம். பேர்ண் மாகாணத்தில் லவுட்டர்புருன்னன் என்றொரு பள்ளத்தாக்கு. இரண்டு பக்கமும் சுவர் எழுப்பினாற்போல செங்குத்தான பாறை, அதிலிருந்து கொட்டும் அருவிகள். பள்ளத்தாக்கின் அடித்தளம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 800 மீற்றர். அந்தப் பாறைச் சுவரின் மேல், அலுமாரித் தட்டு மாதிரி நீண்டுகிடக்கும் ஒரு சமதரையில், ஏறக்குறைய 1,640 மீற்றர் உயரத்தில் இருக்கிறது மியூரன். எதிரே ஐகர், மொங்க், யுங்ஃப்ராவ் என்ற மூன்று பெரிய சிகரங்கள். ஊரில் நிரந்தரமாக வாழ்பவர்கள் நானூற்றுச் சொச்சம் பேர். நம்மூரில் ஒரு பெரிய மஹல்லாவை விடச் சிறிய தொகை.

இங்கே ஒரு விசயம். மியூரனை விட நம்முடைய நுவரெலியா உயரம். நுவரெலியா 1,868 மீற்றர். ஆனாலும் நுவரெலியாவில் தை மாதக் காலையில் புல்லில் உறைபனி படிந்தாலே நாம் படம் எடுத்துப் போடுகிறோம். மியூரனிலோ மாதக்கணக்கில் வீட்டுக் கூரை தெரியாத அளவுக்கு வெண்பனி கிடக்கும். உயரம் மட்டும் காலநிலையைத் தீர்மானிப்பதில்லை, அகலக்கோடும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது என்று தரம் பத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

இந்த ஊரைக் கட்டியவர்கள் வால்சர் என்று அழைக்கப்படும் மலைவாசிகள். ஜேர்மன் மொழியின் பழைய வடிவம் ஒன்றைப் பேசியவர்கள். மத்திய காலத்தில் தெற்கேயுள்ள வலே பகுதியிலிருந்து உயரமான கணவாய்களைக் கடந்துவந்து, வேறு எவரும் வேண்டாம் என்று விட்ட உயரங்களில் குடியேறினார்கள். மாடு, புல், பால்கட்டி, விறகு. இதுதான் வாழ்க்கை. கோடையில் மாட்டை மேலே ஓட்டிப் போவார்கள். மாரிக்கு முன் கீழே கொண்டுவந்து, வெட்டி உலர்த்திய புல்லைக் கொடுத்து ஆறு மாதம் காப்பாற்றுவார்கள். இன்று பனிச்சறுக்குச் சரிவு என்று நாம் படத்தில் பார்ப்பது கோடையில் மாடு மேயும் தரவைதான். அதே நிலம், இரண்டு பருவத்தில் இரண்டு தொழில்.

மியூரனுக்கு இன்றுவரை வெளியிலிருந்து மோட்டார் வாகனம் ஓடிவரும் தெரு கிடையாது. 1891இல் ஒரு மலை ரயில் பாதை போட்டார்கள். கீழேயிருந்து செங்குத்தான சரிவில் கயிறு இழுக்கும் வண்டியில் குரூட்ஷ்அல்ப் என்ற இடத்துக்கு ஏறி, அங்கிருந்து பாறை விளிம்போரமாகச் சின்ன ரயிலில் ஊருக்குள் வர வேண்டும். அந்த ரயிலும் கோடைக்கு மட்டும்தான். ஐரோப்பியப் பணக்காரர்கள் கோடையில் மலை பார்க்க வருவார்கள், புரட்டாதி பிறந்ததும் போய்விடுவார்கள். மாரியில் ரயில் நின்றுவிடும், ஹோட்டல்கள் பூட்டிவிடும், ஊர் தன்பாட்டில் கிடக்கும். மாரியில் ஒருவன் காசு கொடுத்து இங்கே வருவான் என்று ஊரில் எவரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

அப்படி நினைத்த மனிதர் மெட்ராஸிலிருந்து திரும்பிப் போன ஒரு பாதிரியார்.

ஹென்றி லன் என்று பெயர். இங்கிலாந்துக்காரர், வைத்தியமும் படித்தவர், வெஸ்லியன் மெதடிஸ்த சபையின் மிசனரியாக 1887இல் தென்னிந்தியாவுக்கு வந்தவர். இதே சபை 1814இல் இலங்கைக்கு வந்ததும், மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி அந்த வருகையில் பிறந்ததும் கிழக்கு மாகாணத்தவர்களுக்குப் புதிய செய்தியல்ல. லன்னுக்கு மெட்ராஸ் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு வருடத்திலேயே சுகவீனமாகித் திரும்பினார். ஆனால் அந்தக் குறுகிய காலத்தில் கண்டதை அவர் மறைக்கவில்லை. மிசனரிமார் வசதியாகச் சீமை வாழ்க்கை வாழ்ந்துகொண்டு, தாங்கள் சேவை செய்ய வந்த மக்களிடமிருந்து ஒதுங்கி நிற்கிறார்கள் என்று பகிரங்கமாக எழுதினார். 1889, 1890இல் இது சபைக்குள் பெரிய சர்ச்சையானது. கடைசியில் சபைப் பணியை விட்டு அவரே விலக நேர்ந்தது. அந்த எழுத்துக்காக நமக்கு அந்த மனிதர்மேல் ஒரு மரியாதை உண்டு.

பிறகு அவர் செய்தது விசித்திரம். பிரிந்து கிடக்கும் கிறிஸ்தவ சபைகளை ஒன்றுசேர்க்க வேண்டும் என்று 1892இல் சுவிஸ் மலைக் கிராமமான கிரின்டல்வால்டில் மாநாடு கூட்டினார். மாநாட்டுக்கு ஆட்களைக் கூட்டிப்போக ரயில் டிக்கெட், ஹோட்டல் அறை எல்லாம் மொத்தமாக ஒழுங்கு செய்தார். சபைகள் ஒன்றுசேரவில்லை. ஆனால் ஆட்களைக் கூட்டிப்போவது நல்ல வியாபாரம் என்று லன்னுக்கு விளங்கிவிட்டது. பிற்காலத்தில் பிரித்தானியாவில் பெயர்பெற்ற லன் பொலி என்ற பயண நிறுவனத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. சமயப் பயணத்தில் தொடங்கி உல்லாசப் பயணத்தில் முடிந்த கதை. நம்மிடமும் இப்படிச் சில கதைகள் உண்டு, பெயர் சொல்ல வேண்டாம்.

லன் கோடையோடு நிற்கவில்லை. மாரியில் ஆங்கிலேயர்களை மலைக்குக் கொண்டுவர ஒரு கழகம் தொடங்கினார். பெரிய தனியார் பாடசாலைகளில் படித்தவர்கள், பல்கலைக்கழகத்தார், இராணுவ அதிகாரிகள், அவர்களின் குடும்பங்கள் மட்டுமே அதில் சேரலாம். ஹோட்டல்களை முழுதாகக் குத்தகை பேசி, அங்கத்தவர் அல்லாதவர்களை உள்ளே விடாமல் நடத்தினார். மிசனரிமார் சாதாரண மக்களிடமிருந்து ஒதுங்குகிறார்கள் என்று குற்றம் சொன்ன அதே மனிதர்தான் இதையும் செய்தார். மியூரன் ரயில்வே நிர்வாகத்திடம் பேசி, 1910–11 மாரியில் ரயிலை ஓடவைத்ததும் அவர்தான். அந்த மாரியிலிருந்து மியூரனின் விதி மாறியது. 1912இல் ஊருக்குப் பின்னால் அல்மென்ட்ஹூபல் என்ற மேட்டுக்கு இன்னொரு கயிற்று ரயில் வந்தது.

இப்போது கந்தஹாருக்கு வருவோம்.

லன்னின் கழகத்தில் உதவித் தலைவராகப் பெயர் போட்டிருந்தவர்களில் ஒருவர் பீல்ட் மார்ஷல் ரொபேர்ட்ஸ் பிரபு. கான்பூரில் பிறந்த ஆங்கிலேயர். 1880 ஜூலையில் மைவந்த் போரில் அய்யூப் கானின் படை பிரித்தானியரை நொறுக்கியது. ஆப்கான் வீட்டுப் பெண் பிள்ளைகளுக்கு இன்றும் மலாலை என்று பெயர் வைப்பது அந்தப் போர்க்களத்து வீராங்கனையின் நினைவில்தான். அதன்பின் கந்தஹாரில் முற்றுகையிடப்பட்டிருந்த பிரித்தானியப் படையை மீட்க, ரொபேர்ட்ஸ் காபூலிலிருந்து சுமார் 500 கிலோமீற்றர் தூரத்தை மூன்று வாரமளவில் படையோடு நடந்து கடந்தார். 1880 செப்டம்பர் 1ஆம் திகதி கந்தஹாரில் அய்யூப் கானைத் தோற்கடித்தார். பிறகு அவருக்குப் பிரபுப் பட்டம் கொடுத்தபோது அந்த நகரத்தின் பெயரையும் சேர்த்துக் கொடுத்தார்கள்: கந்தஹாரின் ரொபேர்ட்ஸ் பிரபு. தோற்றவனின் ஊர் வென்றவனின் பெயராக மாறியது.

1911 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் மொன்டானா என்ற இடத்தில், பனியாற்றின் மேலிருந்து கீழே ஊர்வரை யார் முதலில் சறுக்கி வருகிறார் என்று ஒரு பந்தயம் வைத்தார்கள். அதற்குக் கிண்ணம் கொடுத்தவர் இந்த ரொபேர்ட்ஸ். அந்தக் கிண்ணத்தின் வழியாகத்தான் கந்தஹார் என்ற பெயர் பனிக்குள் வந்தது.

இதே ரொபேர்ட்ஸ் 1900இல் தென்னாபிரிக்காவில் போயர் யுத்தத்தின் பிரித்தானியத் தளபதி. பண்ணைகளை எரிக்கும் கொள்கை அவர் காலத்திலேயே தொடங்கிவிட்டது. பிடிபட்ட போயர்களில் சுமார் 5,000 பேரைக் கப்பலேற்றி எங்கே கொண்டுவந்தார்கள்? தியத்தலாவைக்கு. இன்று இராணுவ முகாம் இருக்கும் அந்தக் குளிர் மலையில் தகரக் கொட்டில்கள் கட்டி அடைத்தார்கள். யுத்தம் முடிந்த பின்பும், பிரித்தானிய முடிக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மாட்டேன் என்று நின்ற ஏங்கல்பிரெக்ட் என்பவர் திரும்பிப் போக முடியாமல் அம்பாந்தோட்டையில் வாழ்ந்தார். யாலக் காட்டின் முதல் காவலர் அவர். 1922இல் மௌத்தானார். அவருடைய கபுறு அம்பாந்தோட்டையில் இருக்கிறது. அதே 1922ஆம் ஆண்டை மறந்துவிடாதீர்கள், மியூரனில் அதற்கு வேறொரு முக்கியத்துவம் உண்டு.

முதலாம் உலகப் போர் வந்ததும் ஆங்கிலேயர் வருகை நின்றது. ஹோட்டல்கள் காலி. அப்போது நடுநிலை நாடான சுவிட்சர்லாந்து ஓர் ஏற்பாடு செய்தது. ஜேர்மனியிடம் கைதிகளாக இருந்த நோயாளிகளையும் காயப்பட்டவர்களையும் இங்கே கொண்டுவந்து, யுத்தம் முடியும்வரை தங்கவைப்பது. செலவைச் சம்பந்தப்பட்ட நாடுகள் கொடுக்கும். 1916இலிருந்து நூற்றுக்கணக்கான பிரித்தானியச் சிப்பாய்கள் மியூரன் ஹோட்டல்களில் வந்து தங்கினார்கள். கை போனவர், கால் போனவர், சுவாசப்பை பழுதானவர். அதுவரை பிரபுக்கள் மட்டும் உறங்கிய கட்டில்களில் சாதாரணத் தொழிலாளிகளின் பிள்ளைகள் உறங்கினார்கள். ஊருக்கும் பிழைப்பு நடந்தது. தியத்தலாவையில் பிரித்தானியர் கைதிகளை அடைத்தார்கள், மியூரனில் பிரித்தானியரே கைதிகளாக இருந்தார்கள். இரண்டும் குளிர் மலைகள்தான். ஆனால் ஒன்றில் முள்வேலி, மற்றதில் பல்கனி.

அந்தக் கைதிகளோடு அந்த வருடங்களில் மியூரனில் இருந்து வேலை செய்தவர்களில் ஒருவர் ஹென்றி லன்னின் மூத்த மகன் ஆர்னோல்ட் லன். 1888 ஏப்ரலில் மெட்ராஸில் பிறந்தவர். ஆம், இன்று உலகமெங்கும் நடக்கும் பனிச்சறுக்குப் பந்தயத்தின் தந்தை என்று சொல்லப்படுபவர் நம்முடைய பக்கத்துக் கரையில், பனியை எவரும் கண்ணால் காணாத ஊரில் பிறந்தார்.

அவரால் யுத்தத்துக்குப் போக முடியவில்லை. காரணம் அவருடைய கால். 1909இல் வேல்ஸ் நாட்டில் மலையேறும்போது பாறை பெயர்ந்து விழுந்து வலது கால் நொறுங்கியது. வெட்டிவிட வேண்டும் என்ற நிலையிலிருந்து தப்பினாலும் அந்தக் கால் சில அங்குலம் கட்டையாகிப் போனது, புண் வருடக்கணக்காக ஆறாமல் கிடந்தது. அந்தக் காலோடுதான் அவர் பனியில் சறுக்கினார், சிகரங்களில் ஏறினார்.

அன்றைய நிலைமையைக் கொஞ்சம் விளங்கிக்கொள்ள வேண்டும். பனிச்சறுக்கு என்றால் அது நோர்வேக்காரர்களின் சொத்து. நீண்ட தூரம் பனியில் ஓடுவது, மேடையிலிருந்து பாய்வது, இந்த இரண்டையும்தான் அவர்கள் விளையாட்டு என்று ஏற்றுக்கொண்டார்கள். மலையிலிருந்து கீழே வருவதை எவன்தான் பந்தயம் என்பான், அது புவியீர்ப்பு செய்யும் வேலைதானே என்ற மாதிரி ஒரு பார்வை. ஆர்னோல்ட் லன் வேறுவிதமாகப் பார்த்தார். அல்ப்ஸ் மலை நோர்வே மலை போன்றதல்ல, செங்குத்து. இங்கே ஏறுவதல்ல, இறங்குவதே திறமை. மரங்களுக்கிடையே வளைந்து வளைந்து இறங்கும் லாவகத்தை எப்படிச் சோதிப்பது? சோடி சோடியாகக் கொடிக்கம்புகளை நட்டு, ஒவ்வொரு சோடிக்கு நடுவாலும் புகுந்து வர வேண்டும் என்று வைத்தார். அதற்கு முன்பு இப்படியான போட்டிகளில் எவ்வளவு அழகாகத் திரும்புகிறார் என்று நடுவர்கள் பார்த்துப் புள்ளி போடுவார்கள். லன் அதை எடுத்தெறிந்தார். அழகு பார்க்க வேண்டாம், கடிகாரத்தைப் பாருங்கள் என்றார். நடுவரின் கண்ணுக்கு வேலை போய்விட்டது. எவர் வீட்டுப் பிள்ளை என்பது கடிகாரத்துக்குத் தெரியாது. 1922 ஜனவரி 21ஆம் திகதி மியூரனில், ஊருக்குப் பக்கத்துப் பயிற்சிச் சரிவில் இந்த முறையில் முதல் பந்தயம் நடந்தது. ஸ்லாலம் என்று இன்று ஒலிம்பிக்கில் நாம் பார்ப்பது அதுதான். சொல் நோர்வேயுடையது, விதி மியூரனில் பிறந்தது.

1924 ஜனவரியில் லன்னும் நண்பர்களும் மியூரனில் ஒரு கழகம் தொடங்கி, அந்தப் பழைய கிண்ணத்தின் ஞாபகமாகக் கந்தஹார் ஸ்கீ கழகம் என்று பெயர் வைத்தார்கள். ரொபேர்ட்ஸ் 1914இலேயே இறந்துவிட்டார். 1928இல் ஒஸ்திரியாவின் சென் அன்டன் கிராமத்து ஹன்னெஸ் ஷ்னைடர் என்ற புகழ்பெற்ற பயிற்றுநரோடு கைகோத்து ஆர்ல்பேர்க்–கந்தஹார் என்ற பந்தயத்தை ஆரம்பித்தார் லன். பெயர் நாடு நாடாகப் பரவியது அதனால்தான். சுவிட்சர்லாந்தின் கீதோ ரோய்ஜ், இசைப்பெட்டி செய்யும் குடும்பத்தில் வந்தவர், தான் கண்டுபிடித்த கம்பிப் பூட்டுக்கும் அந்தப் பந்தயத்தின் பெயரையே வைத்தார். அதற்குப் பிறகு அல்ப்ஸில் கந்தஹார் என்று சொன்ன லட்சக்கணக்கானவர்களில் அது ஒரு முஸ்லிம் நகரம் என்று யோசித்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

1928 ஜனவரியில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஊருக்கு மேலே ஷில்ட்ஹோர்ன் என்ற சிகரம், 2,970 மீற்றர். அப்போது அங்கே ஏற எந்த வண்டியும் இல்லை. கந்தஹார் கழகத்தார் பதினேழு பேர் சறுக்குப் பலகையோடு மணிக்கணக்காக ஏறி உச்சிக்குப் போனார்கள். பிறகு ஒரேயடியாக அங்கிருந்து பள்ளத்தாக்கின் அடியிலுள்ள லவுட்டர்புருன்னன்வரை சறுக்கினார்கள். செப்பனிட்ட பாதை கிடையாது, கொடி கிடையாது, அவரவர் வழியை அவரவர் தெரிந்துகொள்ள வேண்டும். வென்ற ஹெரல்ட் மிச்செல் எடுத்தது ஒரு மணி பன்னிரண்டு நிமிடம். பந்தயத்துக்கு இன்ஃபேர்னோ, அதாவது நரகம், என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பதினேழு பேரில் பெண்களும் இருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். டொரீன் எலியட் அவர்களில் ஒருவர்.

இது தற்செயல் அல்ல. 1923இலேயே மியூரனில் பெண்களுக்கான ஸ்கீ கழகம் தொடங்கிவிட்டது. 1930இல் சர்வதேசப் பனிச்சறுக்குச் சம்மேளனம் ஒருவழியாக இறங்கு பந்தயத்தையும் ஸ்லாலத்தையும் ஏற்றுக்கொண்டது, அதுவும் நோர்வே தலைநகர் ஒஸ்லோவில் கூடிய மாநாட்டில். அடுத்த வருடம், 1931 பெப்ரவரியில், முதலாவது உலக அல்பைன் சாம்பியன்ஷிப் நடந்தது இந்தக் கிராமத்தில். ஆண்களும் பெண்களும் ஒரே நிகழ்ச்சியில் போட்டியிட்டார்கள். பெண்கள் பிரிவில் இறங்கு பந்தயம், ஸ்லாலம் இரண்டையும் வென்றவர் எஸ்மே மெக்கினன், வயது பதினேழு. அதே காலத்தில் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீற்றர் ஓடக்கூடாது, உடம்பு தாங்காது என்று தடுத்து வைத்திருந்தார்கள் என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். 1928இல் ஒரு தடவை ஓடவிட்டு, பிறகு 1960வரை விடவில்லை. மியூரன் சரிவிலோ, பதினேழு வயதுப் பிள்ளை ஐரோப்பா முழுவதும் பேசப்பட்டாள்.

ஆர்னோல்ட் லன்னை ஒரு வலியுல்லாஹ்வாகக் காட்டுவது நம் நோக்கமல்ல. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் சர்வாதிகாரி பிராங்கோவின் பக்கம் நின்று எழுதியவர் அவர். ஆனால் 1938இல் செய்த ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். அந்த மார்ச் மாதம் ஹிட்லர் ஒஸ்திரியாவை விழுங்கினான். உடனேயே, நாஜிகளுக்கு ஒத்துப்போகாத ஹன்னெஸ் ஷ்னைடரைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். அவருடைய ஊரில் ஆர்ல்பேர்க்–கந்தஹார் பந்தயம் நடக்கவிருந்த நேரம் அது. வீரர்கள் வந்துவிட்டார்கள், எல்லாம் ஆயத்தம். ஷ்னைடர் சிறையில் இருக்கும்போது ஷ்னைடரின் பந்தயம் நடக்காது என்று லன் அதை நிறுத்தினார். விளையாட்டை அரசியலோடு கலக்காதீர்கள் என்று புத்தி சொல்பவர்கள் அன்றும் இருந்தார்கள். அடுத்த வருடம் ஷ்னைடர் விடுபட்டு அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தார்.

இதுவரை நாம் சொன்ன பெயர்களைத் திரும்ப எண்ணிப் பாருங்கள். லன், ரொபேர்ட்ஸ், மிச்செல், எலியட், மெக்கினன். மியூரனின் வரலாறு என்று சொல்லிவிட்டு நாம் சொன்னதெல்லாம் விருந்தாளிகளின் கதை. மியூரன்காரன் எங்கே? ரயில் பாதைக்குப் பனி வெட்டியவன், ஹோட்டலுக்குப் பால் கொண்டுவந்தவன், தன் மேய்ச்சல் தரவையில் கொடி நட விட்டவன், காயப்பட்ட சிப்பாயின் உடுப்புத் துவைத்தவள், இவர்களின் பெயர் எந்தப் பக்கத்திலும் பெரிதாக வருவதில்லை. காரணம் ரொம்பச் சாதாரணம். ஆர்னோல்ட் லன் எழுதினார். பிரித்தானிய ஸ்கீ ஆண்டுமலரை 1920இலிருந்து ஐம்பது வருடத்துக்கு மேலாக அவர்தான் பதிப்பித்தார். யார் எந்தத் திகதியில் எந்தச் சரிவில் இறங்கினார், எத்தனை நிமிடம், எல்லாம் அச்சில் இருக்கிறது. ஊர்க்காரர் மாடு பார்த்தார்கள், எழுதவில்லை. எழுதியவனின் பெயர் நின்றது.

வரலாற்றுப் பாடம் எடுக்கும் எங்களுக்கு இது சும்மா ஒரு சுவிஸ் கதையல்ல. நம்முடைய ஊர்களில் குளம் கட்டியவர், முதல் பள்ளிவாசலுக்கு மரம் இழுத்தவர், தோணி செய்தவர் எல்லாம் மௌத்தாகி, அவர்களை அறிந்த மூத்தம்மாமாரும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். நம்மூரைப் பற்றி அச்சில் இருப்பதில் பெரும்பகுதி ஒல்லாந்தனும் ஆங்கிலேயனும் வரி கணக்குக்காக எழுதி வைத்ததுதான்.

ஆனால் மியூரன்காரர் வரலாற்றில் பெயரை விட்டாலும் ஊரை விடவில்லை. விளையாட்டை அவர்கள் மெல்ல மெல்லத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். 1931இலேயே ஆண்கள் பிரிவின் இரண்டு தங்கமும் சுவிஸ்காரர்களுக்குத்தான்: இறங்கு பந்தயத்தில் வால்டர் பிராகர், ஸ்லாலத்தில் டேவிட் சொக். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரித்தானியாவின் கஜானா வற்றி, வெளிநாட்டுக்குக் காசு கொண்டுபோகக் கட்டுப்பாடு வந்தது. பழைய பிரபுக் கூட்டம் குறைந்தது. பெரிய பெரிய ஹோட்டல் நகரங்கள் மற்றப் பள்ளத்தாக்குகளில் முளைத்தன. மியூரன் முளைக்கவில்லை. தட்டு மாதிரி நிலம், அதற்கு அப்பால் பாறை விளிம்பு. தெருவும் இல்லை. வளர இடமில்லாததே அதன் பாக்கியமாகிவிட்டது என்பது நம் எண்ணம். இன்றும் மரவீடுகள், ஒடுங்கிய வீதிகள், பொதி சுமக்கச் சின்ன மின்சார வண்டிகள். அவ்வளவுதான்.

அறுபதுகளில் ஷில்ட்ஹோர்ன் உச்சிக்குக் கேபிள் கார் போட்டார்கள். ஊருக்குப் பக்கத்து ஹோட்டல்காரர் ஏர்ன்ஸ்ட் ஃபொய்ட்ஸ் தொடக்கிவைத்த திட்டம். 1967இல் ஓடத் தொடங்கியது. உச்சியில் சுற்றிச் சுழலும் உணவகம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கும்போது காசு இறுகியது. அந்த நேரம் பார்த்து ஜேம்ஸ் பொண்ட் படக்காரர்கள் வில்லனின் மாளிகைக்கு இடம் தேடி வந்தார்கள். உள்வேலையை முடிக்கவும் ஹெலிகொப்டர் இறங்குதளம் அமைக்கவும் அவர்கள் செலவழித்தார்கள், பதிலுக்குப் படம் பிடித்துக்கொண்டார்கள். 1969இல் படம் வெளிவந்தது. கதையில் அந்த இடத்துக்குப் பிட்ஸ் குளோரியா என்று பெயர். உணவகக்காரர் அந்தப் பெயரையே வைத்துக்கொண்டார்கள். ஆப்கான் நகரத்தின் பெயருக்குப் பக்கத்தில், நாவலாசிரியர் ஒருவர் கற்பனையில் உருவாக்கிய பெயரும் ஊரோடு ஒட்டிக்கொண்டது.

சுவிஸில் வாழும் நம் நாட்டுத் தமிழ் உறவுகள் அநேகர், எண்பதுகளில் அகதிகளாகப் போய், ஹோட்டல் சமையலறைகளில் பாத்திரம் கழுவித் தொடங்கியவர்கள் என்பது நமக்குத் தெரியும். சுவிஸ் சுற்றுலாவின் வரலாற்றில் விருந்தாளியின் பெயர் முன்பக்கத்தில் இருக்கும், சமையலறையின் பெயர் எங்கும் இருக்காது. அவர்களில் எவராவது இந்தப் பதிவை வாசித்தால், பிள்ளைகளுக்காவது தங்கள் கதையை எழுதி வைக்கட்டும்.

இன்ஃபேர்னோ இன்றும் ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிறது. பதினேழு பேரோடு ஆரம்பித்தது, இப்போது 1,850 பேருக்கு மட்டுமே இடம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். உலகின் மிகப் பெரிய பொழுதுபோக்குப் பனிச்சறுக்குப் பந்தயங்களில் ஒன்று. தொழில்முறை வீரர் மட்டுமல்ல, மேசன், ஆசிரியர், ஓய்வூதியக்காரர் எல்லோரும் பெயர் கொடுக்கிறார்கள். ஊர்க்காரரும் தொண்டர்களும்தான் நடத்துகிறார்கள். பந்தயத்துக்கு முந்திய இரவு தீப்பந்தம் பிடித்து ஊர்வலம் போய், சாத்தானின் உருவத்தை எரிப்பார்கள். முழுப் பாதை ஏறக்குறைய 15 கிலோமீற்றர். அன்று ஒரு மணிக்கு மேல் எடுத்த தூரத்தை, செப்பனிட்ட பாதையில் இன்று கால் மணி நேரத்துக்குள் முடிப்பவர்களும் இருக்கிறார்கள்.

முழுப் பாதையும் திறந்தால்தான் அது. கீழ்ப்பகுதியில் பனி போதாமல், பல வருடங்களில் பந்தயத்தைப் பாதியிலேயே வின்டரெக் என்ற இடத்தில் முடிக்க வேண்டி வருகிறது. 1928இல் லவுட்டர்புருன்னன்வரை பனி கிடந்தது. ஷில்ட்ஹோர்ன் பாறைக்குள் நிரந்தரமாக உறைந்து கிடக்கும் மண்ணில் துளையிட்டு விஞ்ஞானிகள் கால் நூற்றாண்டாக வெப்பத்தை அளந்து வருகிறார்கள். அது சூடேறிக்கொண்டு போகிறது. பாறையை ஒட்டவைத்துப் பிடித்திருப்பதே அந்த உறைபனிதான்.

2024 டிசம்பரில் பள்ளத்தாக்கின் அடியிலுள்ள ஷ்டெக்கல்பேர்க்கிலிருந்து மியூரனுக்குப் புதிய கேபிள் கார் ஓடத் தொடங்கியிருக்கிறது. உலகிலேயே மிகச் செங்குத்தானது என்கிறார்கள், சரிவு 159 சதவீதம். அடிவாரத்தில் வாகனத்தை நிறுத்திவிட்டு ஏறினால் சில நிமிடத்தில் ஊர். தெரு மட்டும் இன்னும் போடவில்லை.